டபுளரா, ஃபிளஷ் பேட்சா, ஒட்டுப் பேட்சா?

விமானத்தின் வெளித்தகட்டில் சேதம் வந்தால் வெளி டபுளர், ஃபிளஷ் பேட்ச், ஒட்டுப் பேட்ச் என்று மூன்று விதமாகப் பழுது பார்க்கலாம். விமானத் தகடு வேலை பழக வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதத்துக்குள் இதைக் கேட்டுவிடுவார்கள்: "சார், இந்த மூணுல எது ஸ்ட்ராங்?" நானும் கேட்டவன்தான். மேனுவல் சொன்னபடி செய்தால் மூன்றுமே தாங்கும், தாங்காத ஒன்றை அதில் போடவே மாட்டார்கள். இப்போது நான் கவனிப்பது வேறு விஷயம். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, விமானம் கிளம்பிப் போய்விடும். பத்து வருடம் கழித்து வேறொரு ஊரில் வேறு யாரோ ஒரு ஆள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு முன்னால் நிற்பான். அவனுக்கு எது தெரியும், எது தெரியாமல் போகும்? இந்தக் கேள்வியை வைத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரு சேதத்தை எடுத்துக்கொள்வோம். சரக்குக் கதவுக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி இடித்துவிட்டது. 0.040 அங்குலத் தடிமன் உள்ள 2024-டி3 என்ற அலுமினியக் கலவை ஸ்கின் (விமானத்தின் வெளித்தகடு), ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு விரிசல். வெறும் பள்ளமாக இருந்து அளவும் மேனுவலின் வரம்புக்குள் இருந்தால் எழுதி வைத்துவிட்டு விமானத்தை விடலாம். விரிசல் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்தப் பழுது முறை என்பதை எஸ்.ஆர்.எம். என்கிற கட்டமைப்புப் பழுது மேனுவல் சொல்லும், அதில் இல்லாவிட்டால் தயாரித்த கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும். மெக்கானிக் இஷ்டத்துக்கு அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் ஏன் இதைச் சொல்கிறார்கள், ஏன் அதைச் சொல்லவில்லை என்று புரியாமல் ரிவெட் கன்னைப் பிடித்தால் வேலை வெறும் ஓட்டை போடுவதாகிவிடும்.

முதலில் வெளி டபுளர். விரிசல் உள்ள பகுதியை மூலைகள் வட்டமாக வரும்படி வெட்டி எடுக்கிறோம், அதே உலோகத்தில் அதே தடிமனோ ஒரு கேஜ் கூடவோ உள்ள தகட்டை வெளிப்பக்கம் வைத்து, சுற்றிலும் வரிசை வரிசையாக ரிவெட் அடிக்கிறோம். மூன்றிலும் வேகமானது இதுதான், செலவும் குறைவு. பழுது என்று தூரத்திலிருந்தே கண்ணில் படும். அதை அசிங்கம் என்பவர்கள் உண்டு, எனக்கு அது பெரிய நல்ல குணம். இங்கே ஒருவன் கை வைத்திருக்கிறான் என்று தகடே சொல்கிறதே.

பழகுகிறவர்கள் இதில்தான் அதிகம் தப்பு செய்கிறார்கள், காரணம் சுலபமாகத் தெரிவது. 1/8 அங்குல ரிவெட்டுக்கு நம்பர் 30 டிரில். துளை மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது விட்டத்தின் இரண்டு மடங்கு, அதாவது கால் அங்குலம் இருக்க வேண்டும். ரிவெட்டுக்கு ரிவெட் குறைந்தது மூன்று மடங்கு இடைவெளி. அடித்த பிறகு உள்பக்கம் உருவாகும் தலை விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம். நான் முதன்முதலில் செய்த பயிற்சித் தகட்டில் பதினாறு ரிவெட். பதினைந்து அச்சு வார்த்த மாதிரி இருந்தன, மூலையில் ஒன்று மட்டும் ஓரத்துக்கு 1/16 அங்குலம் நெருங்கிவிட்டது. வாத்தியார் பேசவே இல்லை. ஸ்டீல் ஸ்கேலை அந்த மூலையில் வைத்தார், எடுத்தார், அடுத்த பையனின் தகட்டுக்குப் போய்விட்டார். போகிற போக்கில், "தம்பி, புதுத் தகடு அந்த ராக்குல இருக்கு" என்றார்.

தடிமனைப் பற்றியும் ஒரு தப்பு நினைப்பு உண்டு. கனமான தகடு வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி நடக்காது. விறைப்பான இடத்தைத் தேடித்தான் சுமை போகும். தடித்த டபுளர் வைத்தால் அது தன் பங்குக்கு மேல் சுமையை இழுத்துக்கொள்ளும், அந்தச் சுமை முழுக்க டபுளரின் வெளி ஓரத்து முதல் வரிசை ரிவெட் வழியாகத்தான் ஏற வேண்டும். அந்த வரிசைத் துளைகளில்தான், டபுளருக்குக் கீழே உள்ள ஸ்கின்னில், வருடங்கள் கழித்து விரிசல் பிறக்கும். அதைத்தான் வெளியிலிருந்து பார்க்க முடியாது, மேலே டபுளர் மூடியிருக்கிறதே. பழுது இருப்பது தெரியும், பழுதுக்கு அடியில் நடப்பது தெரியாது.

இது கற்பனைப் பயம் இல்லை. 1980-ல் ஹாங்காங்கில் சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று இறங்கும்போது வாலைத் தரையில் தேய்த்துவிட்டது. அடிவயிற்று ஸ்கின்னில் நீள நீளமாகக் கீறல்கள். அந்தக் கீறல் பட்ட தகட்டை வெட்டி எடுக்காமல், கீறல்களையும் முழுக்க நீக்காமல், அதன் மேலேயே டபுளர் வைத்து மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் பறந்தது. 2002 மே 25 அன்று தாய்பேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில், பெங்ஹூ தீவுகளுக்கு அருகே வானத்திலேயே துண்டு துண்டாகப் பிரிந்தது. 225 பேரும் போய்விட்டார்கள். டபுளருக்கு அடியில் இருந்த கீறல்களில் களைப்பு விரிசல்கள் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வருபவை) தொடங்கி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஸ்கின்னில் கூர்முனை ஸ்க்ரைபரால் கோடு போடாதே, ஃபெல்ட் பேனாவால் போடு என்று கத்துவது இதற்குத்தான். பென்சிலும் கூடாது, கிராஃபைட் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும்.

அடுத்து ஃபிளஷ் பேட்ச். டபுளர் உள்பக்கம் போகிறது, வெட்டிய ஓட்டைக்குள் அதே வடிவத்தில் ஒரு நிரப்புத் தகடு உட்காருகிறது, ரிவெட்டுகள் 100 டிகிரி கவுண்டர்சங்க், அதாவது தலை தகட்டுக்குள் பதிந்து உட்காரும் வகை. தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். நிரப்புத் தகடு காற்றுக்கு முகம் காட்டத்தான், சுமை போவது உள்ளே இருக்கிற டபுளர் வழியாக. உள்ளே கை போக வேண்டும், இன்சுலேஷன் கழற்ற வேண்டும், ஸ்ட்ரிங்கர் (ஸ்கின்னைத் தாங்கும் நீளச் சட்டம்) குறுக்கே வந்தால் ஷிம் என்கிற மெல்லிய இடைத்தகடு வைக்க வேண்டும். வெளி டபுளரைவிட வேலை நேரம் கண்டிப்பாகக் கூடும். ஆனால் சில இடங்களில் இதைவிட்டால் வழியில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஓட்டையான ஸ்டேட்டிக் போர்ட்டுக்கு அருகில் வெளியே தகடு துருத்தினால் உயரமானி பொய் சொல்லும். 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் நடுவே விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பறக்கிற காலத்தில் அந்தப் பொய்யை யாரும் ஏற்க மாட்டார்கள்.

பார்க்கிறவன் பக்கத்திலிருந்து யோசித்தால் ஃபிளஷ் பேட்ச் ஒரு விதத்தில் வெளி டபுளரை ஜெயிக்கிறது: சுமை ஏறும் அந்த முதல் வரிசைத் துளைகளைச் சுற்றியுள்ள ஸ்கின் வெளியே திறந்து கிடக்கிறது. பெயிண்ட் மேலேயே எடி கரண்ட் பிரோபை (தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாக்கி விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்து ரிவெட் ரிவெட்டாகச் சுற்றி வரலாம். வெளி டபுளரில் அதே விரிசலைத் தேட, ஒன்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் குறைந்த அதிர்வெண்ணில் இரண்டு தகட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டும்; சின்ன விரிசல் அதில் தப்பிவிடும். விரிசலுக்குள் சாயம் புகவிட்டுப் பார்க்கும் டை பெனிட்ரன்ட்டின் கதையே வேறு. பெயிண்ட்டைச் சுத்தமாக எடுத்திருக்க வேண்டும், விரிசலின் வாய் மேற்பரப்பில் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் சிவப்புக் கோடு வரும். மூடிய தகட்டுக்கு அடியில் அதற்கு வேலையே இல்லை.

கவுண்டர்சங்கில் ஒரு பொறி இருக்கிறது. 1/8 அங்குல ரிவெட்டின் தலை சுமார் 0.042 அங்குலம் ஆழம், நம் ஸ்கின் 0.040. மெஷினில் குடைந்து கவுண்டர்சங்க் போட்டால் தகட்டையே தாண்டிவிடும், துளையின் அடி விளிம்பு கத்தி முனையாகிவிடும். ஆகவே இந்தத் தடிமனுக்கு டிம்பிள்தான் (தகட்டைக் குடையாமல் அழுத்திக் குழிப்பது) போட வேண்டும். ஒரு விளிம்பு இவ்வளவு பெரிய விஷயமா என்றால், 1988 ஏப்ரல் 28-ஐப் பாருங்கள். ஹவாயில் ஹிலோவிலிருந்து ஹொனலூலு போன அலோஹா ஏர்லைன்ஸ் 737-200, 24,000 அடியில் முன்பகுதிக் கூரையைப் பறிகொடுத்தது, ஒரு விமானப் பணிப்பெண் இறந்துபோனார். 89,680 முறை ஏறி இறங்கிய விமானம். அதன் ஸ்கின் 0.036 அங்குலம், மேலும் கீழும் ஏறி அமர்ந்த தகடுகளுக்கு நடுவே பசை, கூடவே கவுண்டர்சங்க் ரிவெட். சுமையைப் பசை தாங்கும் என்பது கணக்கு. பசை விட்டுப்போனதும் சுமை முழுக்கக் கத்தி முனைத் துளைகளுக்கு வந்தது, அடுத்தடுத்த துளைகளில் விரிசல் கிளம்பியது. இன்னொரு விஷயம் எனக்கு மறப்பதே இல்லை. ஏறும்போதே கதவுக்கு அருகில் விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கே தெரிந்திருக்கிறது!

பசை என்றதும் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறார். ஒட்டுப் பேட்ச். வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம். விரிசல் மேல் போரான் இழை போட்ட எபாக்ஸிப் பட்டையை அடுக்கி, ஃபிலிம் பசையால் ஒட்டி, வாக்யூம் பேக் போட்டு, ஹீட் பிளாங்கெட்டில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் வேகவைப்பது. 1970-களில் ஆஸ்திரேலிய ராணுவ ஆய்வகத்தில் ஆலன் பேக்கரின் குழு வளர்த்த முறை, அங்கே மிராஜ் போர்விமான இறக்கைகளில் பழகியது. 1990-களில் அமெரிக்க விமானப்படை சி-141 சரக்கு விமானங்களின் இறக்கைத் துளைகளில் வந்த விரிசல்களுக்கு இதை நூற்றுக்கணக்கில் ஒட்டியது. கையில் எடுத்தால் மனசு மயங்கும். புதுத் துளை ஒன்றுகூட இல்லை, சுமை பரப்பு முழுக்கப் பரவுகிறது.

ஒட்டுப் பேட்சில் எல்லாமே ஒட்டுவதற்கு முன்னால் நடந்துவிடும். அலுமினா மணல் பீய்ச்சி, பசை நன்றாகப் பிடிக்க சைலேன் என்ற ரசாயனம் தடவி, பிரைமர் அடித்து, கையுறை இல்லாமல் விரல் படாமல். பீய்ச்சுவதற்கு முன் சுத்தம் செய்ததும் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். ஒரே படலமாக நிற்க வேண்டும், எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பத் தேய். பசை ஃப்ரீசரில் இருந்து வரும். மூடிய உறையோடு அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் காற்றின் ஈரம் பசையில் பனிக்கும். கடற்கரை ஊர்களில், சென்னை மாதிரி, மழைக்காலத்தில் ஹேங்கருக்குள் இதைச் செய்யச் சொன்னால் நான் முதலில் ஈரப்பத மீட்டரைத்தான் தேடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. போரான் பட்டையில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, ஆகவே எடி கரண்ட் பிரோபை அதன் மேலேயே வைத்து அடியில் உள்ள விரிசல் வளர்கிறதா என்று பார்க்கலாம். ரிவெட் டபுளர் மறைப்பதை இது காட்டுகிறது. கார்பன் பட்டைக்கு அந்த வசதி குறைவு, போதாததற்கு அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பை வேறு கிளப்பும். அப்படியானால் ஒட்டுதான் சிறந்ததா? விரிசல் தெரியும், ஒட்டின் பலம் தெரியாது. நாணயத்தால் தட்டினால் 'டிங்' என்பது 'டொக்' ஆகும், பிரிந்துபோன இடம் பிடிபடும். அல்ட்ராசோனிக் இன்னும் துல்லியம். ஆனால் பிரியாமல், அதே சமயம் சரியாகப் பிடிக்காமல், சும்மா உரசிக்கொண்டு இருக்கிற ஒட்டை எந்தக் கருவியும் நல்ல ஒட்டிலிருந்து பிரித்துச் சொல்லாது. பேட்ச் மொத்தமாகக் கழன்று போனாலும் மிச்சமிருக்கிற கட்டமைப்பு தாங்க வேண்டும் என்ற வகையில்தான் பயணிகள் விமானங்களில் முக்கியப் பகுதிகளுக்கு இதை அனுமதிக்கிறார்கள். நியாயம்தான்.

ரிவெட்டுக்கு அந்தக் குறை கிடையாது. சாலிட் ரிவெட்டின் இரண்டு தலையும் கண்ணுக்குத் தெரியும், அளக்கலாம். கன்னுக்கு எதிர்ப்பக்கம் பக்கிங் பார் என்ற உலோகக் கட்டியைப் பிடிக்கிறவன் தட்டிச் சொல்வான்: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி; இரண்டு என்றால் போதும்; மூன்று என்றால் கெட்டுப்போச்சு, எடு. ஏடி என்ற வகை ரிவெட்டின் தலையில் இருக்கும் சின்னக் குழி டிரில் முனையை நடுவில் பிடித்துக்கொள்வதால் எடுப்பதும் எளிது. உள்பக்கம் கை போகாத இடத்தில் போடும் பிளைண்ட் ரிவெட்டில் இந்தப் பேச்சுவார்த்தையே இல்லை, அடியில் தலை எப்படி விரிந்தது என்று வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். ஆகவே மேனுவல் அனுமதித்த இடத்தைத் தாண்டி சாலிடுக்குப் பதில் பிளைண்டைச் செருகாதீர்கள்.

சாலிட் ரிவெட் என்பதாலேயே தூங்கிவிடவும் முடியாது. 1978-ல் ஒசாகாவில் வால் தேய்த்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-இன் பின்பக்க அழுத்தச் சுவரில், இடையே ஒரே இணைப்புத் தகடாகப் போக வேண்டியதை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமை ஒரு வரிசைக்கு வந்தது. ஏழு வருடம் கழித்து, 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்தது. 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். ரிவெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவனுக்கு அதில் தப்பு தெரிந்திருக்காது. எந்தத் தகட்டின் சுமை எந்த வரிசை வழியாக எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

சரி, நம் பெல்ட் லோடர் விரிசலுக்கு என் ஓட்டு? மேனுவல் இரண்டு ரிவெட் முறையையும் கொடுத்து, ஸ்டேட்டிக் போர்ட்டும் தூரத்தில் இருந்தால், நேரம் இருக்கும்போது ஃபிளஷ் பேட்ச். நேரம் இல்லாவிட்டால் வெளி டபுளர், சேதத்தை முழுக்க வெட்டி எடுத்த பிறகு, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை உள்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்து. ஒட்டுப் பேட்சை, துளை போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் தடித்த பகுதிகளுக்கு, அதற்கென்றே பழகிய ஆட்கள் இருக்கும் இடத்துக்கு விட்டுவிடுவேன்.

வெளி டபுளரைப் பரிசோதிக்கப் போகும்போது துடைக்கிற துணியை முதலில் எடுக்காதீர்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அழுக்கோடு பாருங்கள். ரிவெட் தலைக்குப் பின்னால் காற்று போகும் திசையில் புகை மாதிரி கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தால் அந்த ரிவெட் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது. டபுளர் ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தால் உள்ளிருந்து காற்று வருகிறது. சைனா ஏர்லைன்ஸ் விமானத்தின் அந்த டபுளரை, விபத்துக்குச் சில மாதம் முன்பு, 2001 நவம்பரில் படம் எடுத்திருந்தார்கள். படத்தில் ஓரத்தைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தது.