ஜிப்ஸிக்குப் புதுப்பேட்டை டிரான்ஸ்ஃபர் கேஸ்: வாங்கலாம், பிரிக்காமல் மாட்டாதீர்கள்

மாருதி ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஊளையிடத் தொடங்கினால் சென்னையில் மெக்கானிக் வாயில் முதலில் வரும் பெயர், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. முழு கேஸாகவே வாங்கி வந்து, கழற்றிய இடத்தில் அப்படியே மாட்டிவிடலாம், ஒரே நாளில் வேலை முடியும் என்பதுதான் அதில் உள்ள இழுப்பு. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அங்கே கிடைக்கும் கேஸின் வெளிக்கூடும் பல்சக்கரங்களும் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை. உள்ளிருக்கும் பேரிங்கையும் சீலையும் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) நம்பாதீர்கள். பழைய கேஸை வாங்கி, பிரித்து, புது உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புது பேரிங் எடுத்துப் போட்டு மாட்டுவதே நிலைக்கும் வழி.

ஆனால் கேஸ் உண்மையிலேயே போய்விட்டதா? இதைப் பார்க்காமல் புதுப்பேட்டைக்கு வண்டி ஏறுகிறவர்கள்தான் அதிகம். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக, மூன்று ரப்பர் மவுன்ட்டில் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டை ஷாஃப்ட் அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும். ரப்பர் கிழிந்தாலும், அந்த ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் மடங்கிக் கொடுக்கும் மூட்டு) தேய்ந்தாலும், கிளட்ச்சை விடும்போது ‘டங்’கென்று அடிக்கும், லீவர் நடுங்கும். சில வண்டிகளில் ஏற்றத்தில் லோ (கேஸின் குறைவேக நிலை) தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, கீழே படுத்து, கேஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பியை விட்டு நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து வாய் திறந்தால் குற்றவாளி அதுதான். கிராஸின் மூடியைச் சுற்றிக் குங்குமம் தூவியதுபோலச் சிவந்த துருப்பொடி இருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டும் கேஸ் வேலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

ஊளை வேறு விஷயம். வேறு பல ஃபோர் வீல் வண்டிகளில் ஹை (கேஸின் வழக்கமான ஓட்ட நிலை) போட்டால் சுழற்சி நேராகப் பின் சக்கரத்துக்குப் போய்விடும். ஜிப்ஸியில் அப்படி இல்லை. ஹையோ லோவோ, இரண்டு சக்கர ஓட்டமோ நான்கோ, எல்லாச் சுமையும் கவுன்ட்டர் கியர் (கேஸின் நடுவே இருக்கும் இடைப் பல்சக்கரம்) வழியாகத்தான் போகிறது. 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங்கில் ஹை விகிதம் (வெளியே ஒரு சுற்றுக்கு உள்ளே எத்தனை சுற்று) 1.409, லோ 2.268. அதனால் ஃபோர் வீலை ஒரு நாளும் தொடாத, நகரத்துக்குள்ளேயே ஓடிய வண்டியிலும் கவுன்ட்டர் ஷாஃப்ட்டின் ஊசி பேரிங் தேயும்.

எங்கிருந்து சத்தம் என்று பிரித்தறிய, வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸில் மூன்றாவது கியர் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள். இப்போது கியர்பாக்ஸும் கேஸின் உள்பக்கமும் சுற்றும். புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், வீல் பேரிங் எதுவும் சுற்றாது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது ஊளை கேட்டால் கேஸ் அல்லது கியர்பாக்ஸ். நிற்கும்போது அமைதியாக இருந்து, ஓட்டத்தில் மட்டும் கேட்டால் பின்னாலிருந்து தேடத் தொடங்குங்கள். கேஸா கியர்பாக்ஸா என்பதற்கு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கூட்டில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டாலே போதும். சுற்றும் ஷாஃப்ட் பக்கத்தில் இருக்கிறது, தொங்கும் துணி, தலைமுடி எதுவும் அருகே வரக் கூடாது.

ஃபோர் வீல் விழவில்லை என்றால் முதலில் முன் ஹப் லாக் (முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) பிடிக்கிறதா என்று பாருங்கள். தார் ரோட்டில் 4எச் (ஹையில் நான்கு சக்கர ஓட்டம்) போட்டு ஓட்டிய பிறகு லீவர் இறுகிக்கொள்வது பழுதே அல்ல. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும்.

கடைசியாக ஆயிலை வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வந்தால் வயதுக்கு இயல்பு. மினுமினுக்கும் செதில், உடைந்த ஊசித் துண்டு வந்தால் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் முழங்கால் நீரில் நின்ற வண்டிகள் சென்னையில் ஏராளம். சூடான கேஸ் நீரில் குளிரும்போது மூச்சுக்குழாய் (கேஸுக்குள் காற்று போய்வரும் சிறு குழாய்) வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி கடைக்கு. கேஸைக் கையில் வாங்கியதும் முதல் வேலை விகிதத்தை எண்ணுவது. பழைய 970 சிசி ஜிப்ஸியின் கேஸும் 1.3 லிட்டர் கிங்கின் கேஸும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். பழையதில் ஹை 1.580. அதைக் கிங்கில் மாட்டினால் அதே வேகத்துக்கு எஞ்சின் 12 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும், ஈ.சி.ஆரில் போகும்போது கத்திக்கொண்டே வரும். லீவரை ஹையில் போட்டு, வெளிவரும் பின் ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) சாக்பீஸ் கோடு போட்டு, அது 5 சுற்று வரும்வரை உள்வரும் ஃபிளாஞ்சைச் சுற்றுங்கள். 7 சுற்று ஆனால் கிங். 8-ஐ நெருங்கினால் பழையது.

பிறகு மூன்று ஃபிளாஞ்சையும் மேலும் கீழும் ஆட்டுங்கள். அந்தத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. மவுன்ட் பிடிக்கும் காதுகளில் வெடிப்போ வெல்டிங் தடமோ இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்காத கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சம்மதிப்பவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம்தான்.

பிரித்ததும் கவுன்ட்டர் ஷாஃப்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசிகள் ஓடிய இடத்தில் விரல்நகம் தட்டுகிறதா? தட்டினால் ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும், புது ஊசி பேரிங் மட்டும் போட்டால் சில மாதங்களில் ஊளை திரும்பிவிடும். லேத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்பார்கள், கேட்காதீர்கள். மேல்தோலில்தான் கடினப்படுத்திய இரும்பு இருக்கிறது, அது போனால் ஷாஃப்ட் வெண்ணெய். ஃபிளாஞ்சில் சீல் உரசும் இடத்தையும் அதே நகத்தால் சோதியுங்கள். பள்ளம் விழுந்த ஃபிளாஞ்சில் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் ஆயில் ஒழுகும். லோ கழன்று விழும் கேஸ் என்றால் ஷிஃப்ட்டர் ஃபோர்க்கின் (கியரைத் தள்ளும் கவை) முனை, பற்களின் ஓரம், லாக் பந்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் மூன்றையும் பாருங்கள்.

ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது பழைய பேரிங்குகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வளையத்தில் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் சரி, ‘ஜிப்ஸி செட்’ என்று கேட்டால் எதுவும் வரும். என்எஸ்கே, கோயோ, என்டிஎன் பெயரில் போலிகளும் உலவுவதால் அட்டைப்பெட்டியைப் பார்த்து மயங்காமல், வளையத்தில் எழுத்து கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாஞ்ச் சீல் மூன்று, கவுன்ட்டர் ஷாஃப்ட் ஓ-ரிங், மவுன்ட் ரப்பர் மூன்று ஆகியவற்றையும் அதே நடையில் வாங்கிவிடுங்கள். பழைய ரப்பரோடு புது கேஸை மாட்டுவது வீண் உழைப்பு.

மாட்டும் வேலையில் பெரிய சூட்சுமம் இல்லை. கழற்றும்போதே ஒவ்வொரு ஃபிளாஞ்ச் ஜோடியிலும் பெயின்ட் கோடு போடுங்கள், இல்லையென்றால் அதிர்வு புதிதாக வரும். கூட்டைச் சேர்க்கும் பேஸ்ட் மெல்லிய கோடாகப் போதும். பிதுங்கினால் உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும். மவுன்ட் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, ஷாஃப்ட்டுகளை மாட்டிய பிறகு இறுக்குங்கள். மூச்சுக்குழாயை எஞ்சின் அறைக்குள் உயரமாக ஏற்றிக் கட்டுங்கள். ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-4, சுமார் 0.8 லிட்டர். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையில் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றுங்கள். ஃபோர் வீலைச் சோதிக்க மண் தரையைத் தேடிப் போங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பார்த்துவிட்டு, புது ஆயில் ஊற்றுங்கள்.