டியூஷனா, கைப்பேசியா, கரை வகுப்பா? பாம்பன் பக்கத்து ஒப்பீடு

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு எங்கள் பக்கம் மாலையில் மூன்று வழிதான். காசு கட்டி டியூஷன் அனுப்பலாம், கைப்பேசியில் பாடச் செயலி போட்டுக் கொடுக்கலாம், இல்லையென்றால் எங்கள் தெருவில் பட்டப்படிப்பு முடித்த இரண்டு பெண்கள் நடத்தும் கரை வகுப்பு. ஆறாவது படிக்கும் என் மகளுக்கு மூன்றையும் பார்த்துவிட்டுக் கரை வகுப்பைத்தான் பிடித்துக்கொண்டோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும்.

டியூஷனில் வீட்டுப்பாடம் முடியும், தேர்வுக்கு மதிப்பெண் கூடும். செயலியில் புரியாத கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு: படிப்பு வருஷம் முழுக்க அறுபடாமல் போகுமா என்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையிலேயே கிடக்கும். நிவாரணமாக வரும் 8,000 ரூபாய் அரிசி பருப்புக்கும் பழைய கடனுக்குமே சரி. அந்த நேரத்தில் வீட்டில் முதலில் நிற்பது டியூஷன் காசு, அடுத்தது ரீசார்ஜ். ஜூனில் பள்ளி திறந்து புதுப் பாடம் தொடங்கும்போது கையில் பணம் இருக்காது. தடை முடிந்து கடலுக்குப் போய் நாலு காசு பார்ப்பதற்குள் முதல் பாடங்கள் ஓடிவிடும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் மறுபடியும் தொழில் இல்லை. கைப்பேசி கதை இன்னும் மோசம். வீட்டில் இருப்பது ஒன்று, அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் பிள்ளை தடுக்கி விழும். பின்னம் விட்டுப்போன பிள்ளைக்குச் சதவீதம் எங்கே ஏறும்?

கரை வகுப்புக்குக் காசில்லை. பள்ளி நேரம் முடிந்தபின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தர 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர் அந்த இருவரில் ஒருவர். அந்தப் பழக்கத்தில் இப்போது சொந்தமாகவே தொடர்கிறார்கள். வலை பின்னும் கூடத்தில் உட்காருவதால் மழைக்கும் பயமில்லை. சாக்குக்கட்டி, நோட்டு மட்டும் நாங்கள் பகிர்ந்து வாங்கித் தருகிறோம். தடைக்காலத்தில் அப்பாக்களும் கரையில் இருப்பதால் வகுப்பு இன்னும் களைகட்டும்.

அங்கே பின்னம் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாட்டுப்படகு ஒன்று 6,000 ரூபாய்க்கு மீன் போட்டது என்று வையுங்கள். டீசல், ஐஸ் செலவு 1,800 போக மீதி 4,200. படகுக்கும் வலைக்கும் 2 பங்கு, போன ஆள் 5 பேருக்கு 5 பங்கு. ஏழில் ஒரு பங்கு 600 ரூபாய். இதில் ஒருவர் காய்ச்சலில் வராமல் போனால்? ஆறில் ஒரு பங்கு, 700 ரூபாய். ஆறைவிட ஏழு பெரிது, அதனால் ஆறில் ஒன்றைவிட ஏழில் ஒன்றுதான் பெரிது என்று சாதித்துக்கொண்டிருந்த என் மகள், அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "ஆள் கூடினா பங்கு சிறுத்துப் போகும்பா, பின்னமும் அப்படித்தான்" என்று விளக்கினாள். பாடப்புத்தகத்தில் அதே கணக்கைப் பல தடவை போட்டும் அது அவளுக்குள் இறங்கியிருக்கவில்லை.

அறிவியலும் இப்படித்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கப் போகிற பாட்டிகளே வந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் எடுத்துக் காட்டுவார்கள். முன்னதிலிருந்து ஜெல்லிபோல உறைய வைக்கும் அகர், பின்னதிலிருந்து கெட்டியாக்க உதவும் அல்ஜினேட் என்று வகுப்பெடுக்கும் அக்காக்கள் பாடத்தோடு சேர்ப்பார்கள். தினமும் காற்றைக் குறித்து வைக்க ஒரு நோட்டு உண்டு. வாடை, அதாவது வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் எங்களுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தெற்கே மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வந்தால் தலைகீழ். பருவக்காற்றுப் பாடம் வந்தபோது அந்த நோட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பதில் எழுதினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது படிப்பதும் எட்டாவது படிப்பதும் ஒரே பாயில்தான். பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பாதி நேரம் போகும். ஆங்கில இலக்கணத்தில் டியூஷன் பிள்ளைகள் ஒரு படி மேலேதான். கடல் பக்கத்திலேயே இருப்பதால், பெரியவர் துணையில்லாமல் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று கண்டிப்பான விதி. அதைக் காக்க தினமும் ஒரு தாய் கூட உட்கார வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சிரமம்.

பத்தாம் வகுப்புக்கு இது தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. மகள் இன்னும் அங்கே வரவில்லை. அந்த வருஷம் டியூஷனும் சேர்க்க வேண்டி வரலாம். சேர்ப்பவர்கள் எவ்வளவு காசு என்பதோடு, தடைக்கால மாதத்துக் காசை ஆடியில் வாங்கிக்கொள்வார்களா என்றும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். சம்மதிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.