இன்ஜின் கவருக்கு பெயின்ட்: மூன்று வருடம் ஓடிய பிறகு எது நிற்கிறது, எது உரிகிறது

பானெட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான். அதற்கு நிறம் மாற்றினால் இன்ஜின் பே முழுக்க வேறு முகம் வந்துவிடும். அடித்த அன்று எல்லாக் கவரும் அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் ஓரம் தூக்கி, ஒரு வருடத்தில் தாள் தாளாகக் கழன்று வரும்போதுதான் வேலையின் லட்சணம் தெரிகிறது. அப்போது எல்லோரும் சொல்லும் காரணம், "இன்ஜின் சூடு தாங்கலை." பெரும்பாலும் அது தப்பு. உரிந்த சில்லு ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், அந்த பெயின்ட் பிளாஸ்டிக்கை ஒருநாளும் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். சூடு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சூட்டைப் பற்றி முதலில் பேசிவிடலாம். கூலன்ட் சுமாராக 90 முதல் 105 டிகிரி செல்சியஸில் ஓடும். கவர் அதற்கு மேலே காற்றிடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பதால் அதன் மேல்பரப்பு வழக்கமாக அதைவிடக் குறைவாகவே சூடாகும். வண்டி ஓடும்போதைவிட, நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஆஃப் செய்த முதல் இருபது நிமிடத்தில்தான் சூடு மேலேறும். காற்றோட்டம் நின்றுபோய், இன்ஜினில் தேங்கிய வெப்பம் நேராகக் கவருக்கு வரும். 260 டிகிரி வரை தாங்கும் என்று போட்ட இன்ஜின் எனாமல் இதற்குத் தாராளம். சைலன்சருக்கு அடிக்கும் 600 டிகிரி பெயின்ட்டை வாங்கி அடிப்பது பெரிய தவறு. அது முழுதாக இறுகுவதற்கே படிப்படியாக 300 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். நைலான் 6 உருகுவது 220 டிகிரியில், பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி அளவில். ஆகவே பிளாஸ்டிக்கின் மேல் அந்த பெயின்ட் கடைசிவரை அரைகுறையாகவே கிடக்கும். நகம் பட்டாலே சுண்ணாம்பு போல உதிரும். டர்போவை ஒட்டிய மூலை மட்டும் விதிவிலக்கு. அங்கே கவரின் அடியில் அலுமினிய வெப்பத்தடுப்பு ஷீட் இல்லையென்றால் அந்தத் துண்டை பெயின்ட் அடிக்காமல் விடுவது நல்லது.

அடுத்தது பிளாஸ்டிக்கின் வகை. வேலையின் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது. பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. கவரைக் கழற்றித் திருப்பினால் உட்புறத்தில் எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் வார்த்திருக்கும். பிஏ6-ஜிஎஃப்30 அல்லது பிஏ66-ஜிஎஃப்30 என்றிருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான். பிபி-டிடி20 என்றிருந்தால் 20 சதவீதம் டால்க் கலந்த பாலிபுரொப்பிலீன். நைலான் பெயின்ட்டைப் பிடிக்கும் ஜாதி; சுத்தமும் நல்ல தேய்ப்பும் இருந்தால் போதும். பாலிபுரொப்பிலீன் மெழுகு மாதிரி, எதுவும் ஒட்டாது. அதற்கு அட்ஹிஷன் புரமோட்டர், அதாவது பெயின்ட்டை ஒட்டவைக்கும் அடிப்பூச்சு, இல்லாமல் என்ன விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உரியும். குறி அழிந்துபோயிருந்தால், கழுவிக் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நின்றால் பாலிபுரொப்பிலீன் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். பல கவர்கள் நான்கு உருண்டை ஸ்டட்களின் மேல் கிரோமெட் என்ற ரப்பர் வளையத்தால் கவ்வி நிற்கும். ஒரு ஓரத்தைப் பிடித்து ஒரேயடியாக மேலே தூக்கினால் எதிர்மூலையில் உள்ள பிளாஸ்டிக் கப் வெடிக்கும். ஒவ்வொரு மூலைக்கும் அடியில் கைவிட்டு நேர்மேலாக இழுக்க வேண்டும். இன்ஜின் லேசான வெதுவெதுப்பில் இருந்தால் ரப்பர் இளகிக் கொடுக்கும். வர மறுத்தால் சோப்புத் தண்ணீர் விடலாம். சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் இந்தக் கட்டத்தில் பக்கத்திலேயே வரக் கூடாது. காரணம் கீழே வருகிறது. ஆயில் மூடியைத் திறந்துதான் கவரை எடுக்க முடியும் என்றால், கவர் வந்ததும் முதல் வேலை அந்த மூடியைத் திரும்பப் போடுவது. அடியில் ஒட்டிய சத்தம் தடுக்கும் ஃபோம், ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள். ஏர் ஃபில்டர் பெட்டியும் கவரும் ஒன்றாகவே வரும் வண்டிகளில் காற்று போகும் வாய்களை உள்ளிருந்து டேப் போட்டு அடைக்க வேண்டும். உள்ளே படிந்த ஓவர்ஸ்ப்ரே, அதாவது சிதறிய பெயின்ட் தூவல், பின்னால் பொடியாகிக் காற்றோட்ட சென்சார் மேல் போய் உட்காரும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும், நைலான் பிரஷ், இரண்டு தடவை. பிறகு டீகிரீசர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆல்கஹாலைத் தொட்டுத் துடைக்க ஒரு துணி, அது காய்வதற்குள் எடுக்க இன்னொரு துணி. ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெயை இடம் மாற்றி வைக்கிறோம். இதையெல்லாம் முடித்த பிறகுதான் வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் ஆயிலும், முன்பு யாரோ அடித்த பிளாஸ்டிக் பாலிஷின் சிலிக்கானும் கீறல்களுக்குள் புகுந்துவிடும். அப்புறம் எந்தத் தின்னரும் அதை வெளியே கொண்டுவராது. பெயின்ட் விழுந்த நொடியில் மிளகளவு வட்டக் குழிகள் விரிந்து, நடுவில் அடிப்பரப்பு எட்டிப் பார்த்தால் சிலிக்கான் இருக்கிறது என்று பொருள். அதன் மேல் இன்னும் கனமாக அடித்து மூட முயல வேண்டாம். காயவிட்டு, மொத்தமும் தேய்த்தெடுத்து, முதலிலிருந்து தொடங்குவதே வழி. பானெட்டை மூடும் தாழ்ப்பாளுக்கு அடித்த ஸ்ப்ரேகூட கவர் மேல் படிந்திருக்கும் என்பதால், புது வண்டி என்றாலும் இந்தக் கழுவலைத் தவிர்க்கக் கூடாது.

நைலான் தண்ணீரை உறிஞ்சும். கழுவிய அன்றே அடித்தால், முதல் நீண்ட ஓட்டத்தில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழ் குமிழாகத் தூக்கலாம். ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள்.

வழவழப்பான கவருக்கு 320, 400, 600 நம்பர் வாட்டர் பேப்பர் வரிசையாக. சொரசொரப்பான டெக்ஸ்சர் உள்ள கவருக்கு வாட்டர் பேப்பர் வேண்டாம். மேடுகளை மட்டும் தின்று திட்டுத் திட்டாக்கிவிடும். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் பேடை சோப்புத் தண்ணீரில் நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் டெக்ஸ்சர் அப்படியே இருக்கும், பளபளப்பு மட்டும் போகும். கண்ணாடி இழை கலந்த கவரில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல் தோல் மெல்லிய ரெசின். அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் இழைகள் வெளியே வரும். முதல் பிரைமர் காய்ந்ததும், தாடி மழித்த கன்னம் போல முள் முள்ளாக நிற்கும். அப்படியானால் ஃபில்லர் பிரைமர் ஒரு கோட், 400 நம்பரால் மெல்ல ஒரு தடவல், மறுபடி ஒரு கோட். இரண்டு சுற்றில் மூடிவிடும். இந்தத் தேய்ப்பை ஈரத்தோடு, கையுறை போட்டுச் செய்யுங்கள். இழைத் தூசி தோலில் அரிப்பெடுக்கும், மூச்சில் போகவும் கூடாது.

பாலிபுரொப்பிலீனுக்கு அட்ஹிஷன் புரமோட்டர் இரண்டு மெல்லிய மூட்டம். தண்ணீர் போலிருக்கும், கனமாக அடிக்கத் தோன்றும், வேண்டாம். கேனில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்துக்குள், அடுத்த கோட் விழ வேண்டும். இடையில் தூசி ஒட்டியது என்று அதைத் தேய்த்தால் புரமோட்டரே போய்விடும்.

அளவு சொல்வதானால், 60க்கு 45 சென்டிமீட்டர் கவர் ஒன்றுக்கு, ஓரங்களைச் சேர்த்து, பிரைமர், நிறம், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் ஒவ்வொன்றிலும் 400 மில்லி கேன் ஒன்று போதும். பிரைமர் இரண்டு கோட், நிறம் மூன்று கோட், கிளியர் இரண்டு கோட். கேனுக்குள் பெயின்ட்டைக் கலக்கும் குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். கவருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விட வேண்டும். முதல் நிறக் கோட் அடிப்பரப்பை மூடவே கூடாது, சும்மா தூவின மாதிரி இருக்கட்டும். அடுத்த கோட் வழியாமல் நிற்பதற்கு அதுதான் பிடிமானம். எனாமல் வகையில் இடைவெளி மிக முக்கியம்: பல கேன்களில் அடுத்த கோட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள், தவறினால் ஏழு நாள் கழித்து என்று போட்டிருக்கும். மறுநாள் காலையில் "இன்னும் ஒரு கோட்" என்று அடித்தால், பாதி இறுகிய அடி கோட்டைப் புது கரைப்பான் ஊதிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் ஏடு போலச் சுருங்கும்.

தூக்கி வார்த்த எழுத்துகளுக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டி மெனக்கெட வேண்டியதில்லை. முதலில் எழுத்தின் நிறத்தை அந்தப் பகுதியில் அடித்து ஒரு வாரம் இறுக விடுங்கள். 600 நம்பரால் லேசாகத் தேய்த்து, அதன் மேல் கவரின் நிறத்தை அடியுங்கள். அது இறுகியதும் 800 நம்பர் தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, எழுத்தின் தலை மேல் மட்டும், ஈரத்தோடு, அழுத்தாமல் இழுத்தால் அடி நிறம் மெல்ல வெளிவரும். விரலால் தேய்த்தால் எழுத்தின் விளிம்பு உருண்டு, கோடு கோணிவிடும். அடி நிறம் முழுசாகத் தெரிந்த கணத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் நான்கு இழுப்பில் பிளாஸ்டிக் வந்துவிடும்.

கிளியரில் இரண்டு வகை. சாதாரண ஒற்றைக் கேன் கிளியர் அழகு கொடுக்கும். ஆனால் பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் கொப்புளித்துப் போகும். ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் ரசாயனம், தனியாக உள்ள 2கே கிளியர்தான் வருடக்கணக்கில் நிற்கிறது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. திறந்தவெளி, கண் கவசம், கையுறை, தயாரிப்பாளர் சொல்லும் தரத்திலான சுவாசக் கவசம் இல்லாமல் அந்தக் கேனைத் தொடக் கூடாது. துணி முகக்கவசம் எதற்கும் ஆகாது. அடியிலுள்ள குமிழைக் குத்தி ஹார்டனரைக் கலந்துவிட்டால் ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகும், எனவே எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடுங்கள்.

ரிங்கிள் பெயின்ட், அதாவது சுருக்கம் விழும் வகை, பழைய கீறல்களை மறைப்பதில் கெட்டிக்காரன். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று கனமான கோட்: ஒன்று கிடையாக, ஒன்று நெட்டாக, ஒன்று சாய்வாக. மெல்லிசாக அடித்த இடத்தில் சுருக்கம் விழாது. ஆனால் வருடம் போகப் போக அந்தச் சுருக்கங்களில் ஆயில் தூசி ஏறி, பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உரித்தெடுக்கும் ரப்பர் கோட்டிங் நிறம் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும் நல்லது. பெட்ரோல் பட்டால் கரையும். ஐந்தாறு கோட்டுக்குக் குறைவாக இருந்தால் உரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டி வரும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுநாளே மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கிரோமெட் அழுத்தும் இடம் பதிந்துவிடும், முதல் சூட்டில் வாடையும் வரும். ஏழு நாள் வையுங்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடேற்றினால் சீக்கிரம் இறுகும், ஆனால் சாப்பாடு செய்யும் ஓவனில் ஒருபோதும் வேண்டாம்.

இனி வருடங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஒழுங்காக அடித்த கவரில் முதலில் தேய்வது ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றிய வளையம். ஃபனல் உரசும், ஆயில் வழியும், துணியால் அழுத்தித் துடைப்போம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அங்கே ஒரு பழைய துணியை விரித்தால் ஆயுள் இரட்டிப்பாகும். அடுத்தது நான்கு மூலைகள். கழற்ற விரல் போகும் இடம். உலோக மினுமினுப்பு நிறங்கள் வயதை மறைக்கும். மேட் கறுப்பு தூசியில் சாம்பலாகத் தெரியும், மேட் கிளியரை பாலிஷ் செய்யவும் முடியாது, பாலிஷ் போட்ட இடம் மட்டும் பளபளக்கும். ஆகவே மேட் விரும்புகிறவர்களுக்கு அரைப் பளபளப்பான சாட்டின் நல்ல சமரசம். வெள்ளையில் ஆயில் ஆவி படிந்த மஞ்சள் தெரியும். வாட்டர் ஜெட்டைச் சில்லு விழுந்த இடத்துக்கு நேராகக் காட்டினால் ஒரு நிமிடத்தில் உள்ளங்கை அகலம் கழன்றுவிடும்.

சில இடங்களைத் தொடக் கூடாது. பிரேக் ஆயில், கூலன்ட் டப்பாக்களில் அளவு வெளியே தெரிய வேண்டும். டிப்ஸ்டிக்கின் மஞ்சள் கைப்பிடி, எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் அப்படியே இருக்கட்டும். ஹைபிரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு கேபிளும் அதன் கனெக்டர்களும் உயர் மின்னழுத்த அடையாளம். மெக்கானிக்கின் உயிர் அந்த நிறத்தில் இருக்கிறது. இன்னொன்று, அலங்கார மூடியும், அதற்கடியில் இன்ஜினின் தலையையே மூடும் வால்வ் கவரும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் வால்வ் கவர்கள் பலவற்றில், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி அமைப்பின் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வுக்கு ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கும். பெயின்ட் அதை அடைத்தால் டயாஃப்ரம் சரியாக அசையாது. ஐடிலிங் கெடும், ஆயில் குடிக்கத் தொடங்கும். அந்தத் துளையைத் தேடிக் கண்டுபிடித்து டேப் ஒட்டாமல் வால்வ் கவர் பக்கம் கேனைத் திருப்ப வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது கிரோமெட்டுக்குள் துளி சிலிக்கான் கிரீஸை விரல்நுனியால் தடவுங்கள். இப்போது அது தாராளமாக வரலாம். அடுத்த முறை கழற்றும்போது கவர் எதிர்ப்பில்லாமல் வரும், மூலைகளும் தப்பிக்கும். மூலையில் சில்லு விழுந்தால் தள்ளிப்போடாமல், அந்த ஓரத்தை 1000 நம்பரால் சரிவாக்கி, கேன் மூடியில் பீய்ச்சிய பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் தொட்டு வையுங்கள்.