ஒரே நாளில் மலை: கொடைக்கானலா, கொல்லிமலையா, ஏற்காடா?

தஞ்சாவூரில் இரவு வேன் ஏறி, மறுநாள் முழுக்க மலையில் இருந்துவிட்டு, அதற்கடுத்த விடியலில் வீடு திரும்புகிற கைடோடு கூடிய பயணத்தில் மூன்று மலைக்கும் போய் வந்துவிட்டேன். மூன்று முறையும் அம்மா கூட வந்தார். மேடு என்றால் ஆற்றங்கரைதான் என்று வாழ்ந்தவர்.

அழகு என்று மட்டும் பார்த்தால் கொடைக்கானல்தான். சுமார் 2,100 மீட்டர் உயரம். 1863-ல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி வர 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த நடைக்காகவே போகலாம். ஆனால் ஒரு நாள் பயணத்தில் அதற்கு நேரமே கிடைக்காது. தஞ்சாவூரிலிருந்து 250 கிலோமீட்டர் வரும், வத்தலக்குண்டு தாண்டினால் வண்டி ஊர்ந்துதான் ஏறும். நாங்கள் தூண் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஒரே பனிமூட்டம். கொஞ்சம் பொறுத்தால் விலகும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், கைடு இருபது நிமிடத்தில் கிளப்பிவிட்டார். "பாறை எங்கேடா?" என்று அம்மா கேட்டது இன்னும் மனதை உறுத்துகிறது. கொடைக்கானலுக்கு இரண்டு நாளாவது வேண்டும். அப்புறம், 2024 மே முதல் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. வேன்காரர் எடுத்துவிட்டாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொல்லிமலை மூன்றிலும் நமக்குப் பக்கம். ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு கீழே இறங்கிக் காவிரியில்தான் சேர்கிறது, அந்த வகையில் நம்ம மலை. சீக்குப்பாறையில் நின்றால் சமவெளி விரிந்து கிடக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அம்மா மேலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலூர்ப்பட்டியில் படகு விடுகிறார்கள், சின்ன ஏரி. இளவட்டங்களுக்கு இந்த மலை சரி.

பெரியவர்களோடு ஒரே நாள் என்றால் நான் சொல்வது ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்திலிருந்து 20 வளைவுகள்தான். ஏரி, பகோடா பாயிண்ட், குகைக்குள் சாமி இருக்கும் சேர்வராயன் கோயில் எல்லாம் கிட்டக்கிட்ட இருப்பதால் வேனுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டாம். படகில் ஏறி, கரையில் காபி குடித்து, திரும்ப ஏரியைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் சும்மா உட்கார முடிந்தது. குளிர் கொடைக்கானல் அளவுக்கு இல்லை, அது உண்மை. எங்கள் பக்கத்து வெயிலிலிருந்து போகிறவர்களுக்கு அதுவே போதும்.

லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்கு மட்டும் வானம் தெளிவாக இருக்கும்போது போகச் சொல்லுங்கள். அன்று எங்களோடு வந்த கைடு உள்ளூர்க்காரர். அவசரப்படுத்தவே இல்லை. சேலம் நகரத்தைக் காட்டிவிட்டு, தொலைவில் வெளுப்பாக மின்னிய ஒரு கீற்றைக் காட்டி மேட்டூர் அணை என்றார். ஜூன் 12-ல் அங்கே தண்ணீர் திறந்தால்தான் எங்களுக்குக் குறுவை நெல் சாகுபடி. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்பியிருக்காப்பா?" என்று கைடிடம் கேட்டார்.