திருத்திச் செயலியா, கற்போர் அகராதியா?

ஆங்கிலத்தில் 'ஃபியூ'வா 'எ ஃபியூ'வா, 'மச்'சா 'மெனி'யா என்று தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் நாடுவது இலக்கணத் திருத்திச் செயலியை. காசு கட்டுவதற்கு முன் அது எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்று பார்த்துவிடலாம்.

'மச் புக்ஸ்' என்று அடித்தால் கோடு போடும். 'எ ஹவர்' என்றால் 'அன் ஹவர்' ஆக்கும். இதற்கு இலவசப் பதிப்பே போதும். ஆனால் அலுவலக மடலில் 'ஐ ஹேவ் ஃபியூ கொஸ்டின்ஸ்' என்று எழுதினால் கோடு விழாமலே போகலாம். இலக்கணப்படி வாக்கியம் சரிதானே! பொருள்தான் கவிழ்ந்துவிட்டது: 'கேட்க எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.' சொல்ல வந்தது 'எ ஃபியூ'. இதற்குத் தமிழிலேயே உரைகல் உண்டு. 'சிலர் வந்தார்கள்' என்றால் 'எ ஃபியூ'. 'சிலர்தான் வந்தார்கள்' என்று 'தான்' ஒட்டினால் 'ஃபியூ'. 'ஒன்லி' சேர்த்தால் மட்டும் 'எ' திரும்ப வந்துவிடும்: 'ஒன்லி எ ஃபியூ'. நம் ஊரில் சரளமாகப் புழங்கும் 'ஒன்லி ஃபியூ' இங்கேதான் சறுக்குகிறது. எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்', கணக்கு அதேதான்.

ஒரு பெயர்ச்சொல்லை எண்ணலாமா கூடாதா என்பதற்கு, ஆங்கிலம் கற்போருக்கென்றே தொகுத்த கற்போர் அகராதிதான் சரி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் இலவசம். கேம்பிரிட்ஜில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யு என்ற எழுத்து நிற்கும். சி எண்ணக்கூடியது, யு எண்ண முடியாதது. 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' எல்லாம் யு. ஆகவே 'அன் அட்வைஸ்', 'மெனி ஃபர்னிச்சர்ஸ்' இரண்டும் தவறு. 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் வரும். நம் கைக்கு வரும் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பலவற்றில் இந்தக் குறியே இராது.

ஒரு எச்சரிக்கை: முதல் பொருளைப் பார்த்தவுடன் பக்கத்தை மூடிவிடக் கூடாது. 'எக்ஸ்பீரியன்ஸ்' வேலை அனுபவம் என்றால் யு, நேர்ந்த ஒரு சம்பவம் என்றால் சி. 'பேப்பர்' எழுதும் தாள் என்றால் யு, செய்தித்தாள் என்றால் சி. குறி பொருளுக்குப் பொருள் மாறும்.

'ஈச்', 'எவரி' குழப்பத்துக்கு அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களே போதும். இரண்டே இருந்தால் 'ஈச்' மட்டும்: 'ஈச் ஹேண்ட்'.

'த' விஷயத்தில் செயலி, அகராதி இரண்டையும் முழுதாக நம்ப முடியாது. எந்த போனைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரிந்தால் 'த போன்', தெரியாவிட்டால் 'எ போன்'. அவருக்கு என்ன தெரியும் என்பது செயலிக்கும் தெரியாது, அகராதிக்கும் தெரியாது.