ஸ்மார்ட் கோட்ஸ்: ஐந்துக்கு மூன்று

ஆங்கிலக் கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் எழுத்துச் செயலிகளில் உள்ள ஸ்மார்ட் கோட்ஸ் வசதியோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். விசைப்பலகையில் நேராக இருக்கும் மேற்கோள்குறியைத் தட்டினால், திறக்க “ என்றும் மூட ” என்றும் தானே வளைத்துத் தரும்.

சாதாரண உரையாடலுக்கு அருமை. குறிக்கு முன்னால் இடைவெளி இருந்தால் திறப்பு, எழுத்து இருந்தால் மூடல். அதன் கணக்கு அவ்வளவுதான். வம்பும் அதில்தான். 1990ஐச் சுருக்கி எழுதினால் ’90 என்று வர வேண்டும். அது விடுபட்டதைக் காட்டும் அபாஸ்ட்ரஃபி, மூடும் ஒற்றைக்குறியின் அதே உருவம். இதுவோ ‘90 என்று திறந்துவிட்டுப் போய்விடும், மூட ஆள் இல்லாமல். குறியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிரல் எழுதுகிறவர்கள் இந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டும்; நேர்க்குறி கேட்கும் இடத்தில் வளைந்த குறி இருந்தால் நிரல் ஓடாது.

மூன்று மதிப்பெண்ணோடு நான் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. குறியின் உருவத்தைத் திருத்துகிறதே தவிர, அது எங்கே நிற்க வேண்டும் என்பது இதற்குத் தெரியாது. மேற்கோளுக்குள் இன்னொரு மேற்கோள் வந்தால், அமெரிக்க வழக்கில் வெளியே இரட்டைக்குறி, உள்ளே ஒற்றை. கமாவும் முற்றுப்புள்ளியும் குறிக்கு உள்ளேயே அடங்கும். பிரிட்டன் பதிப்பகங்கள் பலவற்றில் வெளியே ஒற்றை, உள்ளே இரட்டை. புள்ளி மேற்கோளுக்குச் சொந்தமா, முழு வாக்கியத்துக்கா என்று பார்த்துத்தான் வைப்பார்கள். (எனக்குப் பிடித்தது பிரிட்டன் முறை. சம்பளம் தருகிறவர்களுக்கு அமெரிக்க முறை.) ஒரே பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறப்புக்குறி வரும், மூடல் கடைசிப் பத்தியில் மட்டும். இதை ‘மூட மறந்துவிட்டீர்கள்’ என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு!

அப்புறம், அழுத்தத்துக்காகக் குறி போடும் பழக்கம். ஒருவரைப் பாராட்டி எழுதும்போது “நிபுணர்” என்று குறிக்குள் போட்டால், ஆங்கில வாசகர் அதை நக்கலாகவே எடுத்துக்கொள்வார். அந்த இடத்திலும் செயலி குறிகளை அழகாக வளைத்துவிட்டுச் சும்மா இருக்கும். என் நேரம் அதிகம் போவது இந்தக் குறிகளை நீக்குவதில்தான். எழுதியவர் கோபித்துக்கொண்டால் சாய்வெழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.