கியோட்டோ கோயில்கள்: சைக்கிளா, பஸ்ஸா?

கியோட்டோவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதற்குள் முடிந்த மட்டும் கோயில்களைப் பார்த்துவிட வேண்டும் என்றால் மூன்று வழிகள்: டவுன் பஸ், சாதாரண வாடகை சைக்கிள், மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் பேட்டரி சைக்கிள். நான் எடுத்தது பேட்டரி சைக்கிள். மறுபடி போனாலும் அதைத்தான் எடுப்பேன். எனவே இந்த அலசலில் நடுநிலையை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பஸ். நகரத்தின் பெரும்பகுதிக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 230 யென். பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸ் 2024 மார்ச்சோடு போய்விட்டது. இப்போது மெட்ரோவையும் சேர்த்து 1,100 யென் பாஸ். மெட்ரோவில் இரண்டே தடங்கள். பேர்பெற்ற கோயில்களோ மூன்று பக்க மலைகளின் அடிவாரத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கின்றன. கடைசியில் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். செர்ரி பூக்கும்போதும் இலைகள் சிவக்கும்போதும் அந்த பஸ்கள் புளிமூட்டை. மழை நாளுக்கும், வயதானவர்களோடு போகிறவர்களுக்கும் பஸ்தான் சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

சைக்கிளுக்குச் சாதகமானவை ஊருக்கே தெரிந்தவை. 794-ல் கட்டம் போட்டுக் கட்டிய தலைநகரம், வழி தவறுவது கஷ்டம். நம்மூர் போலவே இடதுபக்கப் போக்குவரத்து. பெரிய சாலையை விட்டு அதற்கு இணையான சந்தில் போனால் பாதி நேரம் நீங்களும் இன்னொரு சைக்கிள்காரரும்தான்.

சாதாரண வண்டியா பேட்டரியா என்பதற்கு மேடுதான் பதில். ஊர் பார்க்கச் சமதளம் போலத் தெரிந்தாலும் வடக்கே போகப் போகத் தரை ஏறிக்கொண்டே இருக்கும். காமோ ஆறு தெற்கே ஓடுவதே அதனால்தான். ரயில் நிலையத்திலிருந்து பொற்கோயிலான கின்காகுஜிக்கு ஏழு கிலோமீட்டர் போல வரும், அவ்வளவும் லேசான ஏற்றம். சாதாரண வண்டியிலும் போய்விடலாம், ஆனால் மதியத்துக்கு மேல் தொடை பேச ஆரம்பிக்கும். பேட்டரி வண்டிக்கு வாடகை ஏறக்குறைய இரு மடங்கு. மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் உதவக் கூடாது என்பது அங்கே சட்டம், எனவே பறக்க முடியாது. அதன் எடையையும் ஸ்டாண்டு போடும்போது உணர்வீர்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கிற கேள்வி ஒன்றுதான்: இறங்கியபின் வண்டியை எங்கே விடுவது?

நம்மூரில் ஒரு மரத்தடி போதும். அங்கே அப்படி விட்டால், லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஊரின் ஏதோ ஒரு மூலையிலுள்ள கிடங்குக்குப் போய், கட்டணம் கட்டி மீட்க வேண்டும். கையிலிருப்பது ஒரு நாள் என்றால் பயணம் அத்தோடு முடிந்தது. கடைவீதிப் பக்கம்தான் இந்தக் கெடுபிடி அதிகம். தெராமாச்சி, ஷின்கியோகோகு போன்ற கூரை போட்ட கடைத்தெருக்களில் பகலில் ஓட்டவும் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஷிஜோ கடைவீதிப் பக்கம் போனால், ஓட்டலைத் தேடுவதற்கு முன் கட்டண ஸ்டாண்டைத் தேட வேண்டியிருக்கும்.

கோயில்களில் கதையே வேறு. கின்காகுஜியிலும் ரியோவான்ஜியிலும் வாசலுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. பின்சக்கரத்தோடு பொருத்திய வளையப் பூட்டை அழுத்தினால் டக்கென்று மூடும். அப்போதுதான் சாவியே கையோடு வரும். பையை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். ஆக, கோயில்களுக்கு சைக்கிள், கடைவீதிக்குக் கால். இந்தக் கணக்கை மனதில் வைத்துப் பாதையைப் போட்டால் பஸ் பக்கத்திலேயே வர முடியாது.

நான் சொல்லும் பாதை இது. மார்ச் முதல் நவம்பர் வரை ரியோவான்ஜி 8 மணிக்கே திறந்துவிடும், கின்காகுஜி 9 மணிக்கு. தங்கும் விடுதியிலேயே சைக்கிள் கிடைத்தால், கூட்டம் சேருமுன் ரியோவான்ஜி கற்தோட்டத்தின் 15 கற்களைப் பார்த்துவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கின்காகுஜியின் கதவு திறக்கும்போது போய் நிற்கலாம். அப்புறம் இமதேகாவா சாலையை ஒட்டி நேர் கிழக்கே.

வழியில் பழைய அரண்மனைப் பூங்காவுக்குள் கண்டிப்பாக ஓட்டிப் பாருங்கள். அகலமான பாதை முழுக்கக் கெட்டியாகச் சரளை கொட்டியிருக்கும், சக்கரம் புதையும். அதன் நடுவே, உள்ளூர்க்காரர்கள் ஓட்டி ஓட்டித் தேய்ந்த, ஒரு டயர் மட்டும் போகிற அளவுக்கு மெல்லிய மண் தடம் ஒன்று நீளமாகப் போகும். எதிரே ஒருவர் வந்தால் யாராவது சரளையில் இறங்கி வழிவிட்டாக வேண்டும். நான் போனபோது கூடை நிறையக் கீரையோடு வந்த ஒரு பாட்டி சற்றும் வேகம் குறைக்கவில்லை. யார் இறங்குவது என்பதில் சந்தேகமே எழவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து இதெல்லாம் கிடைக்காது.

ஆற்றைத் தாண்டி வெள்ளிக்கோயில், அங்கிருந்து நான்சென்ஜி. இடையிலுள்ள கால்வாயோரத் தத்துவப் பாதை நடப்பவர்களுடையது. வண்டியை வைத்துக்கொண்டு அதில் இடித்துக்கொண்டிருக்காமல் கீழேயுள்ள இணைத் தெருவில் போய்விடுங்கள். நான்சென்ஜி வளாகத்துக்குள் 1888-ல் கட்டிய செங்கல் நீர்ப்பாலம் நிற்கிறது. அதற்குத் தனியாக நேரம் வையுங்கள். திரும்பும்போது காமோ ஆற்றங்கரைப் பாதை. இறக்கம், சிக்னல் கிடையாது.

மேட்டின் மேலிருக்கும் கியோமிசுதெரா கோயிலை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. படிக்கட்டுத் தெருக்களும் நெரிசலுமாக இருக்கும் அந்த மேட்டில் சைக்கிள் வெறும் சுமை. அது காலை 6 மணிக்கே திறக்கும் என்பதால் தனியாக நடந்து போவதே மேல்.

கோடையில் நான் ஓட்டியதில்லை. மலைகளுக்கு நடுவே சட்டி மாதிரி இருக்கும் ஊர், புழுக்கத்துக்குப் பேர்போனது; ஆகஸ்டில் இதே பாதையைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம், எனவே மழைக்கோட்டு அவசியம். ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பதற்கு 2024 நவம்பரிலிருந்து தண்டனை கடுமை: ஆறு மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். மேப் பார்க்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பெரும்பாலான கோயில்கள் 5 மணிக்கு அடைத்துவிடும், வாடகைக் கடைகளும் அதற்கப்புறம் நெடுநேரம் இருக்காது. வண்டியைக் கொடுத்தபின்னும் காலில் தெம்பு இருந்தால் கியோட்டோ நிலையத்தில் ஜே.ஆர். நாரா லைன் ரயிலில் ஏறி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கேயிருக்கும் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, அடைக்கும் நேரமும் இல்லை.